வெட்கத்தினால் வளரும் தோல் நோய்கள்

காய்ச்சல் கண்டால் இரண்டொரு நாட்களில் வைத்தியரை நாடுகின்றோம். பல்வலி ஏற்பட்டால் அன்றிரவே மருந்து தேடுகின்றோம். ஆனால், தோலில் ஒரு படையோ நிறம் மாறிய ஒரு புள்ளியோ தோன்றினால் மட்டும் நாம் முதலில் செய்வது அதனை மறைப்பதாகும். நீண்ட கைச்சட்டை அணிகின்றோம். அயலவர் சொன்ன எண்ணெயைப் பூசுகின்றோம். அதுவும் பலனளிக்காவிடில், பாமசியில் பெயர் கேட்டு ஒரு கிறீமை வாங்கிக் கொள்கின்றோம். இவ்வாறு மாதங்கள் கழிந்த பின்னர், நோய் முற்றிய நிலையிலேயே பலர் வைத்தியசாலையின் தோல் சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேர்கின்றனர்.

தோல் நோய்களுள் பெரும்பாலானவை உயிராபத்தை விளைவிப்பவை அல்ல. பல முற்றாகக் குணமாக்கப்படக்கூடியவை; ஏனையவை கட்டுப்படுத்தப்படக்கூடியவை. எனினும், அவை பற்றி எமது சமூகத்தில் நிலவும் வெட்கமும் தவறான நம்பிக்கைகளும் சிகிச்சையைத் தாமதப்படுத்தி விடுகின்றன. அதிலும் விசித்திரம் யாதெனில், தொற்றாத நோய்களைக் கண்டு அஞ்சி விலகும் நாம், உண்மையில் தொற்றும் நோய்களை அலட்சியம் செய்கின்றோம். வெண்புள்ளி உள்ளவரின் கையைத் தொடத் தயங்குபவர்கள், சொறி உள்ள பிள்ளையின் துவாயை வீட்டிலுள்ள அனைவரும் பாவிப்பதைப் பொருட்படுத்துவதில்லை.

தொற்றும் நோய்களுள் முதலில் குறிப்பிடத்தக்கது, ஸ்கேபீஸ் என வைத்தியர்கள் அழைக்கும் சொறி நோயாகும். வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு வகைச் சிறிய உண்ணி தோலினுள் சுரங்கம் போன்று துளைத்துச் சென்று முட்டையிடுவதனாலேயே இது ஏற்படுகின்றது. விரல் இடுக்குகள், மணிக்கட்டு, அக்குள், தொப்புள், பிறப்புறுப்பு ஆகிய பகுதிகளில் கொப்புளங்கள் தோன்றும். இரவு வேளையில் அரிப்பு அதிகரிக்கும். முதன்முறையாகத் தொற்றுக்குள்ளான ஒருவருக்கு அரிப்பு ஆரம்பிப்பதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லலாம். அரிப்பு இல்லாத அக்காலப்பகுதியிலும் அவர் மற்றவர்களுக்கு நோயைப் பரப்புகின்றார்.

அழுக்கானவர்களுக்கே இந்நோய் வரும் என்று கருதுவது தவறாகும். நீண்டநேரத் தோல் தொடுகையே இது பரவுவதற்குப் பிரதான காரணமாகும். எனவேதான் ஒரே பாயில் உறங்கும் சிறுவர்கள், விடுதி மாணவர்கள், மத்ரஸாக்களில் தங்கிப் பயில்வோர், தோட்டப்புற லயன் அறைகளில் நெருக்கமாக வாழும் குடும்பத்தினர், சிறைச்சாலைகளில் உள்ளோர், அனர்த்த காலங்களில் நலன்புரி நிலையங்களில் தங்க நேர்வோர் ஆகியோரிடையே இது விரைவாகப் பரவுகின்றது. இதற்கான காரணத்தை மனிதரின் ஒழுக்கத்தில் தேடுவதை விடுத்து, இடநெருக்கடியிலேயே தேடுதல் வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2017 ஆம் ஆண்டு இந்நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தமை இதன் பாரதூரத்தை உணர்த்துகின்றது. சொறிந்த புண்களினூடாகப் பக்டீரியாக்கள் உட்புகுந்து, சில சிறுவர்களின் சிறுநீரகத்தையும் பாதிப்பதுண்டு.

இந்நோய்க்கான மருந்து எளியது. ஆனால், அதைப் பாவிக்கும் முறையிலேயே பலரும் தவறிழைக்கின்றனர். அரிக்கும் இடத்தில் மாத்திரம் பூசுவதால் பயனில்லை. கழுத்து முதல் பாதம் வரை உடல் முழுவதும் இரவில் பூசிக் காலையில் கழுவுதல் வேண்டும். வைத்தியர் கூறியவாறு ஒரு வாரத்தின் பின்னர் மீண்டும் பூசுதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அரிப்பு இல்லாதவர்கள் உட்பட வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் சிகிச்சை பெறுதல் அவசியமாகும். ஒருவர் விடுபட்டாலும் நோய் மீண்டும் வீடு முழுவதையும் சுற்றி வரும். பாவித்த உடைகளையும் படுக்கை விரிப்புகளையும் சுடுநீரில் துவைத்தல், அல்லது பொலித்தீன் பையில் கட்டிச் சில நாட்கள் ஒதுக்கி வைத்தல் நன்று. சிகிச்சைக்குப் பின்னரும் ஓரிரு வாரங்களுக்கு அரிப்பு நீடிக்கலாம் என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

அடுத்ததாக, படர்தாமரை எனப்படும் பங்கசுத் தொற்றினைக் குறிப்பிடலாம். வட்டமாகப் படர்ந்து, ஓரம் சிவந்து, நடுப்பகுதி தெளிந்து காணப்படும் இது, வியர்வை தங்கும் இடங்களில் பெருகுகின்றது. எமது நாட்டின் வெப்பமும் ஈரப்பதனும், இறுக்கமான செயற்கை நூலாடைகளும் இதற்கு வாய்ப்பளிக்கின்றன. வெயிலில் உழைக்கும் தொழிலாளர்கள், நீண்ட நேரம் சப்பாத்து அணிந்திருப்போர், உடற்பருமன் மிக்கோர், நீரிழிவு நோயாளர் ஆகியோர் இதனால் எளிதில் பாதிக்கப்படுகின்றனர்.

இங்கேதான் பாமசியில் கேட்டு வாங்கும் கிறீம் பெரும் தீங்கிழைக்கின்றது. ஸ்டீரொயிட் கலந்த கிறீம்களைப் பூசியதும் சிவப்பும் அரிப்பும் ஓரிரு நாட்களில் தணிந்துவிடும். பூசியவரும் குணமாகிவிட்டதாக மகிழ்வார். ஆனால், ஸ்டீரொயிட் மருந்து பங்கசினைக் கொல்வதில்லை. மாறாக, அதனை எதிர்க்கும் உடலின் ஆற்றலையே அடக்குகின்றது. விளைவாக, நோய் உருமாறி உடலெங்கும் பரவுகின்றது. அதன் வழமையான தோற்றம் மறைந்து விடுவதனால் வைத்தியருக்கும் இனங்காண்பது கடினமாகின்றது. அண்மைக் காலமாகத் தென்னாசியாவில் வழமையான மருந்துகளுக்குக் கட்டுப்படாத படர்தாமரை பரவி வருவதற்கு, இத்தகைய கிறீம்களின் கண்மூடித்தனமான பாவனையும் ஒரு காரணமாகக் கருதப்படுகின்றது.

இனி, நாம் வீணாக அஞ்சும் நோய்களைப் பார்ப்போம். இளவயதினரின் மார்பிலும் முதுகிலும் தோன்றும் தேமல், எல்லோருடைய தோலிலும் இயல்பாகவே வாழும் ஒரு வகை மதுவம் மிகையாகப் பெருகுவதனால் உண்டாவதாகும். அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. சிகிச்சை முடிந்த பின்னரும் நிறம் திரும்புவதற்குச் சில மாதங்கள் செல்லும். சொரியாசிஸ் எனப்படும் செதில் நோயும் தொற்றாது. உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியில் ஏற்படும் குழப்பம் காரணமாகத் தோற்கலங்கள் மிகை வேகத்தில் உருவாவதே அதன் அடிப்படையாகும்.

இவற்றுள் மிகுந்த அநீதிக்கு உள்ளாவது வெண்புள்ளி நோயாகும். தோலுக்கு நிறமூட்டும் கலங்களை உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே அழித்து விடுவதனால் இது ஏற்படுகின்றது. வலியுமில்லை, தொற்றுமில்லை. ஆயினும், இதற்கு வெண்குஷ்டம் என்று பெயர் சூட்டிய எமது வழக்கு, குஷ்டரோகத்துடன் எவ்விதத் தொடர்புமற்ற ஒரு நோயின் மீது அந்நோய்க்குரிய அச்சம் முழுவதையும் சுமத்திவிட்டது. எத்தனையோ யுவதிகளின் திருமணப் பேச்சுகள் இந்த ஒரு சொல்லினால் முறிந்திருக்கின்றன. அச்சொல்லை நாம் கைவிடுவதற்குப் பணம் தேவையில்லை. மனம் மாத்திரமே போதுமானது.

உண்மையான தொழுநோயைப் பற்றிய எமது அச்சமும் காலங்கடந்ததே. ஒல்லாந்தர் காலத்தில் ஹெந்தளையில் தொழுநோயாளருக்கென வைத்தியசாலை அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவிலும் நோயாளர்கள் ஊரிலிருந்து பிரித்து வைக்கப்பட்டனர். அன்று மருந்து இருக்கவில்லை. இன்று நிலைமை வேறு. பல மருந்துகளை ஒன்றிணைத்த கூட்டுச் சிகிச்சை 1983 ஆம் ஆண்டு முதல் இலங்கையில் வழங்கப்படுகின்றது. நோயின் தன்மைக்கேற்ப ஆறு மாதங்களோ பன்னிரண்டு மாதங்களோ மருந்து உட்கொண்டால் நோய் முற்றாகக் குணமாகும். சிகிச்சை ஆரம்பித்த குறுகிய காலத்திலேயே நோய் பரவும் தன்மை அற்றுப் போகின்றது. மருந்து அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கின்றது.

பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் இலக்கை இலங்கை 1995 ஆம் ஆண்டிலேயே எட்டியது. ஆனால், அதனால் நோய் ஒழிந்து விட்டதாகக் கருதிய அலட்சியம் நல்ல பலனைத் தரவில்லை. ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளர்கள் இன்றும் இனங்காணப்படுகின்றனர். அவர்களுள் சிறுவர்களும் அடங்குவர். மேல் மாகாணமும் மட்டக்களப்பு மாவட்டமும் கூடுதல் கவனம் செலுத்தப்பட வேண்டிய பகுதிகளாகும். நிறம் வெளிறிய அல்லது சிவந்த ஒரு படை, அதில் உணர்ச்சி குன்றியிருத்தல் ஆகியவையே முக்கிய அறிகுறிகளாகும். அரிப்புமில்லை, வலியுமில்லை என்பதனாலேயே பலர் வாளாவிருந்து விடுகின்றனர். நோய்க்கிருமி உடலினுள் நுழைந்து அறிகுறி வெளிப்படுவதற்குச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் செல்லும் என்பதனால், நோயாளியுடன் ஒரே வீட்டில் வாழ்பவர்களும் பரிசோதனைக்கு உட்படுதல் வேண்டும். தாமதித்தால் நரம்புகள் சிதைந்து கை கால்கள் நிரந்தரமாக ஊனமுறும். அந்த ஊனத்தை எந்த மருந்தும் மீட்டுத் தராது.

வலியின்மையால் ஏமாற்றும் இன்னொரு நோயும் எமது நாட்டில் வேரூன்றியுள்ளது. மணல் ஈ கடிப்பதனால் பரவும் லீஷ்மேனியாசிஸ் எனும் நோயே அதுவாகும். உள்நாட்டில் தொற்றிய முதலாவது நோயாளர் 1992 ஆம் ஆண்டு அறியப்பட்டார். 2008 ஆம் ஆண்டு முதல் இது சுகாதாரத் துறைக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக உள்ளது. அநுராதபுரம், பொலனறுவை, குருநாகல், ஹம்பாந்தோட்டை, மாத்தறை முதலிய மாவட்டங்களில் இது அதிகமாகக் காணப்படுகின்றது. முகம், கை, கால் போன்ற திறந்த பகுதிகளில் சிறு பருவாகத் தோன்றிப் பல வாரங்களாகியும் ஆறாத புண்ணாக மாறும். வயல்களிலும் சேனைகளிலும் பற்றைக் காடுகளை அண்டியும் தொழில் புரிவோரே பெரிதும் பாதிக்கப்படுகின்றனர். வலிக்காத, அரிக்காத, ஆனால் ஆறவும் மறுக்கின்ற எந்தப் புண்ணையும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

செய்யும் தொழிலே நோய்க்குக் காரணமாவதும் உண்டு. சீமெந்திலுள்ள குரோமியம் மேசன்மாரின் கைகளில் வெடிப்பையும் அழற்சியையும் உண்டாக்குகின்றது. நாள் முழுவதும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கை நனைக்கும் இல்லத்தரசிகளும் பணிப்பெண்களும் இவ்வாறே பாதிக்கப்படுகின்றனர். கையுறையும், வேலை முடிந்தபின் பூசும் தேங்காயெண்ணெய் போன்ற எளிய பாதுகாப்பும் பல துன்பங்களைத் தவிர்க்கும்.

பெருநாள் காலங்களிலும் திருமண வீடுகளிலும் கைகளில் இடப்படும் மருதோன்றி குறித்தும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மருதோன்றி இலையின் இயற்கை நிறம் செம்மஞ்சளும் கபிலமுமே. சில நிமிடங்களில் கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கப்படுபவற்றில், தலைமயிர்ச் சாயத்தில் பாவிக்கப்படும் இரசாயனம் கலந்திருப்பதுண்டு. அது பிஞ்சுக் கைகளில் கோலத்தின் வடிவிலேயே கொப்புளங்களை எழுப்பி, ஆயுள் முழுவதும் நீடிக்கும் ஒவ்வாமையை ஏற்படுத்தக்கூடியது.

அதனினும் கொடியது, தோலை வெண்மையாக்குவதாகக் கூறும் கிறீம்களின் வியாபாரமாகும். முகவரியோ உள்ளடக்க விபரமோ இன்றி விற்பனையாகும் இவற்றுட் சிலவற்றில் பாதரசம் கலந்துள்ளமை பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. பாதரசம் நிறமூட்டும் பொருளின் உற்பத்தியைத் தடுப்பதனால் முகம் சில வாரங்களில் வெளிறும். ஆனால், தோலினூடாக உட்புகும் அதே பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்புத் தொகுதியையும் தாக்கும். கருவிலிருக்கும் சிசுவையும் அது விட்டு வைப்பதில்லை. கறுப்பு ஒரு நோயன்று. நோயல்லாத ஒன்றுக்கு மருந்து பூசி, இல்லாத நோயை வரவழைத்துக் கொள்வது எவ்வளவு பரிதாபத்துக்குரியது!

இவை யாவற்றிலிருந்தும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றேயாகும். தோலில் தெரியும் மாற்றத்தை ஒளிப்பதனால் நோய் ஒளிவதில்லை. பாடசாலைகளில் சுகாதாரப் பரிசோதனைகள் ஒழுங்காக நடைபெறுவதையும், தோல் நோயுள்ள பிள்ளை வகுப்பில் கேலிக்கு உள்ளாகாதிருப்பதையும் அதிபர், ஆசிரியர்கள் உறுதி செய்தல் வேண்டும். வைத்தியரின் துண்டின்றி ஸ்டீரொயிட் கிறீம்களை விற்கும் வழக்கத்துக்கு அதிகாரிகள் முற்றுப்புள்ளி வைத்தல் வேண்டும். கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் மக்களைச் சந்திக்கும் பெரியோர், தொழுநோய் குணமாகும் என்றும் வெண்புள்ளி தொற்றாது என்றும் ஒருமுறை எடுத்துரைத்தால், அது நூறு சுவரொட்டிகளுக்கு ஈடாகும்.

பொது மக்களிடம் நாம் வேண்டுவது இன்னும் எளியது. இரண்டு வாரங்களுக்கு மேல் மாறாத படையோ, ஆறாத புண்ணோ, உணர்ச்சியற்ற புள்ளியோ காணப்பட்டால், அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கு சட்டைக் கையை மடித்துக் காட்டுவதற்கு ஒரு நிமிடத் துணிவு போதுமானது. அந்த ஒரு நிமிடத்தைத் தள்ளிப் போடுவதனால் இழக்க நேர்வது சிலவேளைகளில் ஒரு கையாகவே இருந்துவிடக் கூடும்.