உங்களுக்குத் தெரியுமா? கத்திரி வெயிலுக்கும் பைக் ஜாக்கெட் உண்டு!

மே மாதத்தில் தஞ்சாவூர் – கும்பகோணம் சாலையில் ஜாக்கெட்டோடு பைக்கில் போனால் டீக்கடையில் சிரிப்பார்கள். ஆனால் நம் தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ்தான். காற்று அதைத் தாண்டிச் சுட்டால், வெறுங்கையில் மோதும் காற்று சூட்டைத்தான் ஏற்றும். வியர்வை காய்வதால் கிடைக்கும் குளிர்ச்சி மட்டுமே மிச்சம். அப்போது கைகொடுப்பது வலைத்துணியில் தைத்த ‘மெஷ்’ ஜாக்கெட். உள்ளே பருத்தி பனியனை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டால், அது காயும்வரை உடல் குளிர்ந்திருக்கும்.

டெல்டாவில் அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையே நெற்களம். காயும் நெல்மீது பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும். விழுந்தால் முதலில் தேய்வது உள்ளங்கையும் முழங்கையும்தான். ஜாக்கெட் போடுவதே இதற்காகத்தான். (கையுறையையும் மறக்க வேண்டாம்!)

வாங்கும்போது உள்பக்க லேபிளில் ‘இஎன் 17092’ என்ற ஐரோப்பியத் தர எண்ணைத் தேடுங்கள். அதிகம் உராயும் பகுதிகளுக்கான சோதனை வேகம் ‘ஏ’ வகுப்புக்கு மணிக்குச் சுமார் 45 கி.மீ., ‘ஏஏ’வுக்கு 70, ‘ஏஏஏ’வுக்கு 120. ‘பி’ வகுப்பில் தோள், முழங்கைக் காப்புப் பட்டைகள் கட்டாயமில்லை. பட்டைகளுக்குத் தனி எண்: ‘இஎன் 1621’. அதில் முதல் நிலையைவிட இரண்டாம் நிலை அதிர்ச்சியை நன்றாகத் தாங்கும்.

கடையிலேயே ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் கையை நீட்டிப் பாருங்கள். முழங்கைப் பட்டை நகர்ந்தால், எத்தனை தள்ளுபடி தந்தாலும் அந்த ஜாக்கெட் வேண்டாம்.