கொடையும் விளம்பரமும்

மைசூர் அரண்மனையை அடுத்து அக்ரஹாரம் என்றொரு பகுதி உண்டு. அக்ரஹாரம் என்பது, அந்தணர் குடியிருப்பதற்காக மன்னர் வரி நீக்கி அளித்த ஊரைக் குறிக்கும் பழஞ் சொல். கொடையின் பெயரே குடியிருப்பின் பெயராக நிலைத்துவிட்டது.

அத்தகைய கொடைகளை அக்காலத்தார் கல்லிலும் செப்பேட்டிலும் பொறித்தனர். மைசூருக்கு அருகிலுள்ள தலைக்காட்டிலும் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பொதுவாக இச்சாசனங்களில் அளித்தவர் பெயர் இருக்கும். அதனுடன் நிலத்தின் எல்லை, நீக்கிய வரி, பெறுவோர், செய்ய வேண்டிய தருமம் ஆகியனவும் இருக்கும். ஆகவே ஈந்தவர் தம் பெயரை ஊரறியச் செய்வது புதிய வழக்கமன்று. பெயருக்குப் பக்கத்திலேயே கணக்கும் நின்றது என்பதுதான் நாம் கருதத் தக்கது.

இக்காலத்தில் மன்னர் இருந்த இடத்தில் கம்பெனிகள் இருக்கின்றன. பள்ளிக்குக் கட்டடம், மருத்துவமனைக்குக் கருவி, வெள்ளத்தில் நலிந்தோர்க்கு அரிசி என்று அவை வழங்குவன பல. அவற்றால் நன்மை விளைவதை மறுப்பதற்கில்லை. ஆனால் கொடை எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும். அமெரிக்காவில் பிலிப் மாரிஸ் என்னும் சிகரெட் கம்பெனி 1999-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 75 மில்லியன் டாலரை அறச் செயல்களுக்கு அளித்தது. அவ்வறத்தைப் பறைசாற்றும் விளம்பரங்களுக்கோ ஏறத்தாழ 100 மில்லியன் டாலரைச் செலவிட்டது. ஈகையைவிட ஈகையின் முழக்கத்துக்குக் கூடுதல் செலவாயிற்று. புகையிலையால் கெட்ட பெயரை அறத்தால் துடைக்க முயன்றதாகவே பலரும் அதனைக் கண்டித்தனர்.

நம் நாட்டில் இதற்கெனச் சட்டமே உண்டு. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக நற்பணிக்குச் செலவிடல் வேண்டும். தான் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முதலிடம் தருதல் வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. எனவே இப்பணத்தை வள்ளன்மை என்று மட்டும் கொள்ளலாகாது. சட்டம் விதித்த கடமையும் ஆகும்.

2021-இல் திருத்திய விதிகள் மேலும் தெளிவானவை. தன் சரக்குக்கு விற்பனை ஆதாயம் தேடி ஒரு நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்தால், அது நற்பணிக் கணக்கில் சேராது. தன் ஊழியர்க்கு மட்டுமே செய்யும் உதவியும், அரசியல் கட்சிக்கு அளிக்கும் நிதியும் சேரா. இயக்குநர் குழு ஏற்ற திட்டங்களைக் கம்பெனி தன் இணையதளத்தில் வெளியிடல் வேண்டும். பெருந்தொகை செலவிடும் கம்பெனிகள், ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்களின் பயனை வெளியார் ஒருவரைக் கொண்டு மதிப்பிடச் செய்தலும் வேண்டும். பழைய கல்வெட்டின் இடத்தில் இன்று நிற்பவை இவ்வேடுகளே.

மைசூரிலேயே ஒரு சான்று காணலாம். அங்குள்ள ஹெப்பாள் ஏரியை இன்போசிஸ் அறக்கட்டளை சீர்ப்படுத்தியது. ஏரியின் நீர் தெளிந்ததா, கழிவு நீர் நின்றதா, கரை பேணப்படுகிறதா என்பவற்றை எவரும் நேரிற் சென்று பார்க்கலாம். கொடையை அளக்கும் கோல் இதுவே. திறப்பு விழாவின் நிழற்படம் ஒரு நாளையது. ஏரியோ பல்லாண்டு காணப்படுவது.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இச்செய்தி தொலைவானதன்று. நம் தமிழ்ச் சங்கங்களும் பொங்கல் விழாவுக்கும் மாணவர் உதவித் தொகைக்கும் கம்பெனிகளை நாடுகின்றன. விழாப் பந்தலில் பெயர்ப் பலகை கட்டத் தரும் பணம் விளம்பரக் கட்டணம். அதனை அவ்வாறே பெறலாம், தவறில்லை. அதற்கு அறம் என்று பெயரிட்டு நன்றி கூறுவதே தவறு. ஏழை மாணவர்க்கெனத் தரும் பணமாயின், எத்தனை பேருக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று எழுத்தில் கேட்டுப் பெறுவோம். செலவுக் கணக்கை நாமும் உறுப்பினர் முன் வைப்போம். கேட்பது நன்றி கெட்ட செயல் ஆகாது. ஓராண்டுப் படத்துக்காக வந்த உதவி மறு ஆண்டு நின்றுபோனால், படிப்பை இழப்பது நம் வீட்டுப் பிள்ளையே.