ஆழ்வார் கேட்ட கேள்வி

திருவள்ளூர் மாவட்டத்துத் திருமழிசையில் அவதரித்த திருமழிசையாழ்வார், 120 பாசுரங்கள் கொண்ட தமது திருச்சந்தவிருத்தத்திலே, குடந்தையில் பள்ளிகொண்ட பெருமாளை நோக்கி, நெடுக நடந்ததனால் பாதங்கள் வலித்தனவோ, வராகமாய்ப் பூமியைப் பெயர்த்தெடுத்த சிரமத்தால் திருமேனி அயர்ந்ததோ என்று பரிவோடு விசாரித்து, எழுந்திருந்து பேசும்படி வேண்டுகிறார். சயனத்தைச் சோம்பலென்று எண்ணாமல், உழைத்தவருக்கு உரிய விச்ராந்தியென்று உணர்ந்த அந்த இருதயத்தின் கருணையே இப்பாட்டின் சாரம். ஆகவே நேயர்களே, கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலே இரவு ஷிப்ட் முடித்து வந்து, இரும்புத்தூசு படிந்த கனத்த ஷூக்களைக் கழற்றிவிட்டு வாசற்படியில் அமரும் தொழிலாளியிடம், அடுத்த வேலையைச் சொல்லுமுன் "கால் வலிக்கிறதா?" என்று அன்போடு கேட்டு, அவர் நிதானமாக இளைப்பாற அவகாசம் அளிப்பதும் அப்பாசுரத்தைப் பாராயணம் செய்வதற்கு ஒப்பாகும்.