கிற்றாரின் ஓசையும் மரங்களும்

நம் வீணைக்குப் பலாமரம் சிறந்தது என்பதை முன்னோர் பட்டறிவால் கண்டனர். அவ்வாறே மேலைநாட்டுக் கைவினைஞரும் கிற்றாருக்கு ஏற்ற மரங்களைத் தெரிந்தெடுத்துள்ளனர்.

மெல்லிய தந்தி தனியே அதிர்ந்தால் அதன் ஓசை நம் செவிக்கு அரிதாகவே எட்டும். அந்த அதிர்வு குதிரை எனப்படும் மரத்துண்டின் வழியாக மேற்பலகையை அடைகிறது. அகன்ற பலகை அதிர்ந்து, பெட்டியினுள் இருக்கும் காற்றையும் அசைத்து, ஓசையைப் பெருக்குகிறது. எனவே மேற்பலகை பாரம் குறைந்ததாகவும் அதேவேளை உறுதி மிக்கதாகவும் இருத்தல் வேண்டும். குளிர்நாடுகளில் மெதுவாக வளரும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தில் இவ்விரு பண்புகளும் ஒருங்கே அமைந்துள்ளன. வெளிர்மஞ்சள் நிறமான அது தெளிந்த ஓசை தருவது என்பர். செம்பழுப்பு நிறச் சீடாரின் ஓசை மென்மையானது என்பர்.

பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் கடின மரங்கள் பயன்படுகின்றன. ஈட்டி எனவும் வழங்கும் தோதகத்தி கருவரிகள் ஓடும் பழுப்பு நிறமுடையது. மகோகனி செம்பழுப்பானது. மேப்பிள் வெளிறிய நிறத்தில் அலைபோன்ற வரிகளுடன் மிளிர்வது. விரல்கள் ஓயாது உராயும் பலகைக்குத் தேய்வைத் தாங்கும் கருங்காலியை இடுவர்.

இவற்றுள் முதன்மையானது எது? ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் அன்ரோனியோ டி டொறெஸ் 1862இல், மேற்பலகையை மட்டும் மரத்தாலும் பின்புறத்தையும் பக்கங்களையும் காகித அட்டையாலும் அமைத்து ஒரு கிற்றார் செய்தார். மேற்பலகையே ஓசைக்கு அடிப்படை என்று காட்டுவதே அவர் நோக்கம். 2018இல் வெளியான இங்கிலாந்து லங்காஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வும் இதற்குத் துணைநிற்கிறது. பின்பலகையிலும் பக்கங்களிலும் மட்டும் வேறுபட்ட 6 கிற்றார்களைக் கலைஞர்கள் மரத்தைப் பார்க்க இயலாதவாறு வாசித்தனர். ஓசையின் தரத்தில் அவர்கள் பெரிய வேறுபாடு காணவில்லை. விலையுயர்ந்த பின்பலகை கண்ணுக்கு விருந்தாகலாம். காதுக்கு அது இன்றியமையாதது அன்று.

இவ்வுண்மை மரங்களின் வாழ்வோடும் தொடர்புடையது. பெரிதும் விரும்பப்பட்ட பிரேசில் தோதகத்தி வெட்டி வெட்டி அருகியது. அதனால் 1992 முதல் அதன் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டது. அதன் இடத்தை நிரப்பிய இந்தியத் தோதகத்தி நமது மேற்குத் தொடர்ச்சி மலைக்குரிய மரம். அதுவும் இன்று பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுள்ளது.

ஆகவே பெற்றோரே, பிள்ளைக்குக் கிற்றார் வாங்கும்போது மேற்பலகையை முதலில் நோக்குங்கள். ஒலித்துளையின் விளிம்பில் மேற்புற மரவரிகள் தடிப்பினூடும் தொடர்ந்தால் அது முழுமரப் பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. முழுமரப் பலகையே நன்கு அதிரும். பின்பலகை எளிய மரமாயினும் குறையில்லை. அரியதொரு மரம் காட்டில் நிற்கட்டும்.