மன்னிப்பு யாரிடம் கேட்பது?

ஒருவன் தன் அயலானுக்குத் தீங்கு இழைத்துவிடுகின்றான். பின்னர் வழிபாட்டுத் தலத்துக்குச் சென்று, இறைவன் முன்னிலையில் கண்ணீர் விட்டு மன்னிப்பு வேண்டுகின்றான். அம்மன்னிப்பு அவனுக்குக் கிடைக்குமா? இவ்வினாவுக்கு யூத சமயம் தரும் விடை தெளிவானது, சற்றுக் கடுமையானதுங்கூட. அவ்விடையை விளங்கிக்கொள்ள, அம்மக்களின் கல்வி, மனந்திரும்புதல், வழக்கம் ஆகிய மூன்றையும் அறிதல் வேண்டும்.

யூதர் நம் பகுதிக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். இலங்கை மன்னனின் ஆலோசகர் பதினாறு பேருள் நால்வர் யூதர் என்று 12ஆம் நூற்றாண்டு அராபியப் புவியியல் அறிஞர் அல் இத்ரீசி எழுதிவைத்தார். ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்குச் சிறப்புரிமைகள் வழங்கினான். அதனைக் கூறும் செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கின்றது.

யூதரின் மூலநூல் தோரா. மோசே அருளியதாகக் கருதப்படும் ஐந்து ஆகமங்களே அது. அதனை வாரந்தோறும் ஒரு பகுதியாக ஓதி, ஓராண்டில் முடித்து, முடித்த அன்றே மீண்டும் முதலிலிருந்து தொடங்குவர். ஓதுதல் மட்டும் போதாது. பொருளை ஆராய்தலும் கடமையே. இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் கூற்றை மற்றவர் மறுத்து, வினாவி விடைகாண்பது அவர்தம் கற்கும் முறை. தல்மூத் என்னும் பெருநூல், ஏற்கப்பட்ட கருத்தோடு மறுக்கப்பட்ட கருத்தையும் அழியாமல் காத்து வைத்திருக்கின்றது. கல்வி பெரிதோ செயல் பெரிதோ என்று முன்னோர் வாதிட்டபோது, செயலுக்கு வழிகாட்டுவதால் கல்வியே பெரிது என்று முடிவு கண்டனர்.

அச்செயல்களுள் தலையாயது ‘தெசுவா’. எபிரேய மொழியில் இச்சொல்லுக்குத் திரும்புதல் என்பது பொருள். வழிதவறியவன் வந்த வழியே திரும்புவதுபோல், பிழை செய்தவன் பிழையை விடுதல், வருந்துதல், வாயால் ஒப்புக்கொள்ளுதல், இனிச் செய்யேன் எனத் துணிதல் ஆகியவற்றைச் செய்தல் வேண்டும் என்று 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடீசு வகுத்தார். அதே பிழையைச் செய்ய வாய்ப்பும் வலிமையும் மீண்டும் வந்தபோதும் செய்யாது விலகுபவனே முழுமையாகத் திரும்பியவன் என்பது அவர் கருத்து.

புத்தாண்டு தொடங்கிப் பத்தாம் நாள் யோம் கிப்பூர் என்னும் நோன்பு வருகின்றது. அன்று உண்ணாமலும் நீர் பருகாமலும் இறைவனை வேண்டுவர். ஆயினும், இறைவனுக்கு எதிரான குற்றத்தையே அந்நாள் போக்கும். மனிதனுக்கு இழைத்த குற்றமோ, பாதிக்கப்பட்டவனை அமைதிப்படுத்தும்வரை போகாது. களவாடிய பொருளைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும்; நேரிற் சென்று மன்னிப்புக் கேட்டல் வேண்டும். அவன் மறுத்தால், மும்முறையேனும் சென்று கேட்டல் வேண்டும். உண்மையாக வருந்தி வருபவனை இரக்கமின்றித் தள்ளிவிடலாகாது என்று பாதிக்கப்பட்டவனுக்கும் அறிவுரை உண்டு.

வழக்கங்கள் இடத்துக்கு இடம் வேறுபடும். கொச்சி யூதர் அயலாரைப் போலவே பாதணி களைந்து தொழுகைக்கூடத்துட் புகுந்தனர். அவர்தம் பெண்கள் மலையாளத்திற் சமயப் பாடல்கள் பாடினர். 1950களில் அவர்களுட் பெரும்பாலார் இசுரவேலுக்குக் குடிபெயர்ந்தனர். வழக்கம் இவ்வாறு மண்ணுக்கேற்ப மாறினும், அயலானிடம் மன்னிப்புக் கேட்கும் கடமை எங்கும் மாறுவதில்லை.

இக்கடமை கொழும்பு மாநகருக்கும் பொருந்துவதே. 1883 மார்ச் 25ஆம் நாள் கொட்டாஞ்சேனையிற் பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கலகம் மூண்டது. நூறாண்டு கழித்து, 1983 யூலையில் வெள்ளவத்தையிற் தமிழர் வீடுகளும் கடைகளும் எரியூட்டப்பட்டன. இந்நகரின் விகாரைகளிலும் கோயில்களிலும் தேவாலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் வழிபாடு நடந்துகொண்டே இருக்கின்றது. எனினும், எரிந்த வீட்டின் வாயிலுக்குச் சென்று கதவைத் தட்டியவர் எத்தனை பேர்?

காலம் கடந்துவிட்டது என்பதாலேயே ஒரு குற்றம் மன்னிக்கப்பட்டதாகிவிடாது. இறைவனிடம் செல்லும் பாதை அயலான் வீட்டு வாயில் வழியாகவே செல்கின்றது என்பதே யூத அறிஞர் கற்று, ஆராய்ந்து, வாழ்ந்து காட்டிய படிப்பினையாகும்.