குற்றவாளி கூடத்தில் இருந்தான்!

மல்லேஸ்வரத்துப் பழைய வீட்டில் இருந்தவரை, மாலை ஆறு மணியானால் என் தந்தையார் ஸ்டீரியோ முன் அமர்ந்துவிடுவார். டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இரண்டு முறையாவது சுழல வேண்டும். 2019-ல் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறினோம். அதன் பிறகு கால் மணி நேரத்துக்கு மேல் அவரால் கேட்க முடியவில்லை. "போதும்டா, அசதியா இருக்கு" என்று எழுந்துவிடுவார். நாளடைவில் இசைத்தட்டுப் பெட்டியைத் திறப்பதையே விட்டுவிட்டார். எழுபத்தெட்டு வயதாயிற்றே, காது தளர்ந்துவிட்டது என்று நாங்களாகவே முடிவு கட்டிவிட்டோம்.

ஒரு ஞாயிறன்று தனியே உட்கார்ந்து கேட்டேன். அரை மணியில் எனக்கும் நெற்றிப்பொட்டு கனத்தது! கடைக்காரரிடம் சொன்னேன். "ஆம்ப்ளிஃபையரை மாத்திடுங்க சார்" என்றார். வேறென்ன சொல்வார்?

முள் தேய்ந்திருந்தால் 'ஸ' வரும் இடமெல்லாம் சீறும். ஒரு ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் இடம் மாறியிருந்தால் கனமான ஓசை வற்றிப்போகும். பாடுகிறவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்றே புலப்படாது. இரண்டையும் பார்த்தேன். குறையில்லை. ஒலியைக் குறைத்து வைத்தும் அசதி போகவில்லை.

பிறகு அதே தோடியை ஹெட்ஃபோனில் ஒரு மணி நேரம் கேட்டேன். களைப்பே இல்லை. ஆகவே தட்டின் மீதும் முள்ளின் மீதும் பழியில்லை. மறுநாள் ஸ்பீக்கர்களைப் படுக்கையறையில் வைத்துப் பார்த்தேன். மெத்தையும் தலையணைகளும் துணிமணிகளும் அடைந்த அந்த அறையில் நாகஸ்வரம் சுகமாக ஒலித்தது. ஸ்பீக்கரும் தப்பித்தது. எஞ்சியது கூடம்தான்.

கூடத்தின் நடுவே நின்று ஒரு முறை கை தட்டினேன். 'கிணீர்' என்று சுவருக்குச் சுவர் தாவிற்று. வழவழப்பான டைல்ஸ் தரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, எதிரே வெறும் சுவர். நேராக வரும் ஒலியைத் தொடர்ந்து, சில மில்லி செகண்டுகள் பிந்தி, தரையிலும் சுவரிலும் பட்ட ஒலியும் வந்து சேருகிறது. 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள் மனிதச் செவிக்கு மிகக் கூர்மையாகக் கேட்பவை. நாகஸ்வரத்தின் கணீரென்ற மேல் ஓசைகள் அங்கே நிறைய உண்டு. பழைய வீட்டின் மர அலமாரிகளும் மூட்டை கட்டிய மெத்தைகளும் இந்த எதிரொலியை ஓசைப்படாமல் விழுங்கி வந்திருக்கின்றன. நாங்கள்தான் அவற்றைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டோமே!

கேட்கும் நாற்காலியில் நான் அமர, என் மகன் சுவரோடு ஒரு முகக்கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனான். அதில் ஸ்பீக்கர் தெரிந்த இடத்தில் புத்தக அலமாரியை நிறுத்தினோம். பவானி ஜமுக்காளம் ஒன்றை விரித்தால் போதாது, மெல்லியது. அடியில் பழைய பருத்தி மெத்தையைப் போட்ட பிறகே வித்தியாசம் தெரிந்தது. கண்ணாடிக்குக் கனத்த திரை. செலவு திரைக்கு மட்டும்தான்.

இப்போதெல்லாம் ஆறு மணிக்குக் காற்றுக்காக யாராவது திரையை விலக்கினால், "இழுத்து விடுடா, தோடி போட்டிருக்கேன்" என்று உள்ளிருந்து குரல் வருகிறது.