கம்பி அறுந்தால் பேச்சும் அறுமா?

சிங்கப்பூரில் காத்தோங் என்றதும் நம்மவர்களுக்குச் சிலோன் ரோட்டிலுள்ள செண்பக விநாயகர் கோயில் நினைவுக்கு வரும். சாப்பாட்டுப் பிரியர்களுக்கு லக்சா நினைவுக்கு வரும். அந்தக் கிழக்குக் கரைப் பகுதிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. கடலடியில் வரும் தொலைத்தொடர்புக் கம்பிகள் கரையேறும் இடங்களில் அதுவும் ஒன்று.

இதற்கும் தோட்டத்தில் இருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் இரவில் தாயோடு பேசுகிறான்; மாதம் பிறந்தால் பணம் அனுப்புகிறான். அந்தக் குரலும் அந்தப் பணத்தின் கணக்கும் ஒரே கம்பியில் நேராக ஓடி வருவதில்லை. பல நிலையங்களைக் கடந்து, துண்டு துண்டான பல வழிகளில் கைமாறி வருகின்றன. நடுவில் ஒரு துண்டு அறுந்தால் என்ன ஆகும்? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முற்காலத்தில் விடை எளிது: பேச்சு நின்றுவிடும். 1871-இல் சென்னையையும் சிங்கப்பூரையும் பினாங்கு வழியாகக் கடலடித் தந்திக் கம்பி இணைத்தது. அந்தக் கம்பி அறுந்தால், கப்பல் போய், அறுந்த முனைகளைத் தேடி எடுத்து ஒட்டும்வரை அவ்வழியே தந்தி கிடையாது. கடிதம் கப்பலேறி வருவதற்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்று அப்படிக் காத்திருக்க முடியாது. ஆகவே பொறியாளர்கள் மாற்று வழியை முன்கூட்டியே அமைத்து வைக்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள நம் தோட்டத்து ரோட்டையே எடுத்துக்கொள்வோம்.

தோட்டத்திலிருந்து பட்டணம் முப்பது மைல். முதலில் செம்மண் ரோடு, நடுவில் ஆற்றுப் பாலம், பிறகு தார் ரோடு. மழையில் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வழிகளில் சமாளிக்கலாம். பட்டணம் போகிற ஒவ்வொருவரிடமும், "நீ வீட்டிலிருந்தே வேறு ரோட்டில் போ" என்று சொல்லலாம். அல்லது பாலத்தின் இரு பக்கமும் ஆளுக்கு ஒருவரை நிறுத்தி, வருகிற வண்டிகளைப் பக்கத்திலுள்ள வேறு பாலத்தின் வழியாகத் திருப்பி, மறுபடியும் அதே ரோட்டில் சேர்த்துவிடலாம்.

முதல் முறையில் ஆயிரம் பேர் பயணம் செய்தால் ஆயிரம் பேருக்கும் சொல்லியாக வேண்டும். இரண்டாவது முறையில் இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும். வண்டியில் இருப்பவர்களுக்குப் பாலம் உடைந்ததுகூடத் தெரியாது. பழுதான துண்டுக்கு மட்டும் மாற்று வழி கொடுக்கும் இந்த இரண்டாவது முறைக்குத் துண்டுப் பாதுகாப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

ஈதர்நெட் என்னும் முறை 1973-இல் அமெரிக்காவில் உருவானது. ஓர் அலுவலகத்துக்குள் இருக்கும் கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக வந்தது அது. பிற்பாடு ஊர்களையும் நாடுகளையும் இணைக்கும் பெரிய நிறுவனங்களும் அதை எடுத்துக்கொண்டன. ஆனால் ஒரு குறை இருந்தது. வழி அறுந்தால் பழைய ஈதர்நெட் புது வழியைத் தேடிப் பிடிக்க அரை நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். அலுவலகத்தில் அது பொறுக்கும்; ஆயிரக்கணக்கானவர்கள் பேசிக்கொண்டிருக்கும் பெருவழியில் பொறுக்காது. எனவே ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குக்குள், அதாவது 50 மில்லி விநாடிக்குள், மாற வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். கண் சிமிட்டும் நேரத்தில் பாதிகூட அது இல்லை. துண்டுகளுக்கு மட்டும் மாற்று வழி கொடுப்பதற்கான விதிமுறை 2011-இல் சர்வதேசத் தரமாக வெளிவந்தது.

இவ்வளவு விரைவில் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி? காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுகிறார்கள் அல்லவா? பதில் வரவில்லையென்றால் ஆள் வரவில்லை என்று தெரிந்துவிடும். துண்டின் இரு முனைகளிலும் உள்ள கருவிகள் இதே வேலையைத்தான் செய்கின்றன. "நான் இருக்கிறேன்" என்ற சிறு செய்தியை விநாடிக்கு முந்நூறு தடவை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்கின்றன. தொடர்ந்து மூன்று செய்திகள் வராவிட்டால் வழி அறுந்தது என்று தீர்மானித்து, போக்குவரத்தை மாற்று வழிக்குத் திருப்பிவிடுகின்றன. மாற்று வழியும் சும்மா கிடப்பதில்லை. அதிலும் பேர் கூப்பிடுவது நடந்துகொண்டே இருக்கும். அவசரத்துக்கு ஓடிப்போய்ப் பார்க்கும்போது அதுவும் உடைந்து கிடக்கக் கூடாதல்லவா?

பழுது சரியானதும் உடனே பழைய வழிக்குத் திரும்புவதுமில்லை. சில நிமிடங்கள் பொறுத்துப் பார்ப்பார்கள். ஐந்து நிமிடம் என்பது வழக்கமான அளவு. அரைகுறையாக ஒட்டிய வழி மறுபடி அறுந்து, போக்குவரத்து இங்குமங்கும் தாவிக்கொண்டே இருந்தால், அதுவே பெருந்தொல்லையாகிவிடும்.

இவ்வளவு ஏற்பாடும் ஒரு கேள்விக்கு முன் நின்று பதில் சொல்லியாக வேண்டும். மாற்று வழி எங்கே போகிறது?

கடலடிக் கம்பிகளிலும் இதே எண்ணம்தான். ஏ.பி.சி.என்.-2 என்ற கம்பி சிங்கப்பூர், மலேசியா, பிலிப்பீன்ஸ், ஹாங்காங், சீனா, தைவான், கொரியா, ஜப்பான் ஆகியவற்றைச் சுற்றி வளையமாகப் போடப்பட்டது. நீளம் ஏறக்குறைய 19,000 கிலோமீட்டர். 2001-ஆம் ஆண்டையொட்டி அது பயனுக்கு வந்தது. சிங்கப்பூரில் அது கரையேறிய இடம் காத்தோங். வளையமாகப் போட்டதற்குக் காரணம், ஒரு பக்கம் அறுந்தால் மறு பக்கமாகச் சுற்றி அனுப்பலாம் என்பதுதான்.

2006 டிசம்பர் 26. ஆழிப்பேரலை வந்து சரியாக இரண்டாண்டு நிறைந்த நாள். அன்றிரவு தைவானின் தென்கரையில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. கடலடியில் சரிந்த சேறும் மணலும் பள்ளத்தாக்குகளின் வழியே வெள்ளமாகப் பாய்ந்தன. வழியிலிருந்த ஒன்பது கம்பிகளை அவை அறுத்தெறிந்தன. காத்தோங்கைத் தொட்ட வளையத்திலும் ஒன்றுக்கு மேற்பட்ட துண்டுகள் பழுதாயின. ஒரு பக்கம் போனால் மறு பக்கம் என்ற கணக்கு அங்கே பலிக்கவில்லை. எஞ்சிய கம்பிகளின் வழியே நீண்ட தூரம் சுற்றித்தான் செய்திகளை அனுப்ப வேண்டியிருந்தது. சிங்கப்பூர் உட்படப் பல நாடுகளில் இணையம் ஆமையாக ஊர்ந்தது. பதினொரு கப்பல்கள் 49 நாள் பாடுபட்ட பிறகுதான் எல்லாம் சீரானது.

ஏன் இப்படி? கணக்கில் ஒன்பது கம்பிகள்; ஆனால் தைவானுக்கும் பிலிப்பீன்ஸுக்கும் இடைப்பட்ட கடலில் அவை அருகருகே சென்றன. ஒரே வெள்ளம் வந்தது, எல்லாவற்றையும் வாரியது. இரண்டு பாலத்தையும் ஒரே ஆற்றின் ஒரே வளைவில் கட்டினால் என்ன நேருமோ, அதுதான் நேர்ந்தது.

நிலத்திலும் ஆபத்து உண்டு. 2013 அக்டோபர் 9-ஆம் தேதி சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் தொலைபேசி நிலையத்தில், கம்பிகள் செல்லும் அறையில் தீப்பிடித்தது. ஓர் அறையில் எரிந்த தீ, தீவின் வடக்கிலும் மேற்கிலும் பெருந்தொகையானவர்களின் இணைப்பைத் துண்டித்தது. மறு ஆண்டு அரசின் கட்டுப்பாட்டு ஆணையம் அந்நிலையத்தை நடத்திய சிங்டெல் நிறுவனத்துக்கு 60 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது.

ஆகவே நேயர்களே, விரைவாக மாறுவது பாதி வேலைதான். மாறிப் போகும் வழி பழைய வழிக்கு வந்த ஆபத்துக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். அது மறு பாதி. முதல் பாதியைக் கருவி செய்துவிடும். இரண்டாவது பாதியை, கம்பி புதைப்பதற்கு முன் வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்து மனிதன்தான் யோசிக்க வேண்டும்.

இது கம்பிக்கு மட்டுமல்ல. லயத்துக்கு வரும் தண்ணீர்க் குழாய்க்கும், மருத்துவமனைக்குப் போகும் ரோட்டுக்கும் இதே கேள்விதான். "வேறு வழி இருக்கிறதா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இருக்கிறது" என்றே பதில் வரும். "அதுவும் இதே ஆற்றைத்தான் கடக்கிறதா?" என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படிக் கேட்கச் சொல்லிக் கொடுங்கள். நாளை அந்த வரைபடத்தின் முன்னால் உட்காரப் போகிறவர்கள் அவர்களாகவும் இருக்கலாம்.